‘இல்லை’ மட்டும் கேட்கவில்லை

நேவி ப்ளூ இன்ஸ்கர்ட் கேட்டு ஓர் அம்மா கடை வாசலில் நின்றார். “நேவி ப்ளூ இப்போ ஸ்டாக் இல்லைங்க, அடுத்த வாரம் வரும்” என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். அவர் காதில் விழுந்தது “நேவி ப்ளூ இப்போ ஸ்டாக்” வரைக்கும்தான். அதற்கப்புறம் என் தொண்டையிலிருந்து வந்தது வெறும் காற்று. நான் எடுத்துத் தருவேன் என்று அவர் பையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் கிளம்புவார் என்று நான் காத்திருந்தேன். அப்படி நின்ற அந்த அரை நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது, இது சளியோ தொண்டைக் கட்டோ இல்லை என்று.

தைராய்டு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கழித்து நான் கடைக்குத் திரும்பிய முதல் நாள் அது.

நம் பேச்சில் உயிர் கடைசியில்தான் இருக்கிறது. வாங்கினேனா வாங்கவில்லையா, வேணுமா வேணாமா, வந்தாரா வருவாரா, எல்லாமே வாக்கியத்தின் வாலில்தான் தெரியும். பாதியிலேயே மூச்சு தீர்ந்துபோகிறவருக்கு முதலில் பறிபோவது அந்த வால்தான். இதை எனக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை. கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று நானே தெரிந்துகொண்டது.

சென்னை, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எனக்குச் சின்னக் கடை. நைட்டி, இன்ஸ்கர்ட், பிளவுஸ் பிட், லைனிங் துணி. வீடு கொருக்குப்பேட்டை. தீபாவளிக்கு முந்தைய மாதம் அந்த ரோட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே வியாபாரமே குரலில்தான் நடக்கிறது. நாலு கடைக்காரர்கள் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது யார் குரல் எடுபடுகிறதோ அவர் கடையில்தான் ஜனம் நுழையும். பதினாறு வருடமாக என் குரல் எடுபட்டது.

கழுத்து வீக்கத்தை முதலில் பார்த்ததும் ஒரு வாடிக்கையாளர்தான். “இன்னாக்கா, முழுங்கும்போது கழுத்துல ஏதோ மேல கீழ போது?” என்று கேட்டார். கண்ணாடி முன்னால் நின்று தண்ணீர் குடித்துப் பார்த்தேன். ஆமாம், ஒரு எலுமிச்சம்பழம் ஏறி இறங்குவது போல இருந்தது. ஸ்கேன் எடுத்ததில் இரண்டு பக்கமும் கட்டிகள், இடது பக்கத்தில் பெரியது, மூச்சுக்குழாயைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டிருந்தது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் அறிகுறி இல்லை. ஆனாலும் அளவு பெரியது, அழுத்துகிறது, சுரப்பியை முழுதாக எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். பொங்கல் வியாபாரம் முடியட்டும் என்று காத்திருந்து, தை மாதக் கடைசியில் படுத்தேன்.

எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்பதை எழுதப்போவதில்லை. கட்டியை நன்றாகவே எடுத்தார்கள், தையல் தழும்பு இப்போது கழுத்து மடிப்போடு மடிப்பாகப் போய்விட்டது. என் குறை ஒன்றே ஒன்று. ஆபரேஷனுக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, என் குரல் நாணை யாரும் பார்க்கவில்லை. கையெழுத்து வாங்கிய தாளில் ‘குரலில் மாற்றம் ஏற்படலாம்’ என்று ஒரு வரி இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டோம். அந்த வரிக்கு என்ன பொருள் என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்தப் பொருளைத்தான் இங்கே எழுதுகிறேன். கடந்த ஒரு வருடத்தில் எங்கள் தெருவிலிருந்தே மூன்று பெண்கள் “ஆபரேஷன் பண்ணா ஊமையாயிடுவாங்களாமே” என்று பயந்துபோய் என்னிடம் வந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஊமையாகிவிட மாட்டோம். குரல் வேறு, பேச்சு வேறு. க, ச, ட, த, ப என்று எழுத்துகளை உருவாக்குவது நாக்கும் உதடும் பல்லும் அண்ணமும். அவற்றுக்கும் இந்த ஆபரேஷனுக்கும் சம்பந்தமில்லை. பாதிக்கப்படக்கூடியது குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களை அசைக்கும் நரம்பு. பேசும்போது இரண்டு நாணும் நடுவில் வந்து ஒட்டி அதிர வேண்டும். மூச்சு விடும்போது விலகி வழிவிட வேண்டும். விழுங்கும்போது இறுக மூடி, தண்ணீரும் சோறும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் காக்க வேண்டும். ஒரு பக்கத்து நாண் அசையாமல் நின்றுவிட்டால் மூன்று வேலையும் கெடுகிறது. குரல் காற்றோடு கலந்து கரகரக்கும், தண்ணீர் குடித்தால் புரையேறும், பேசும்போது மூச்சு வாங்கும்.

அந்த நரம்பு போகும் வழி விசித்திரமானது. மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்குகிற பெரிய நரம்பிலிருந்து அது பிரிகிறது. நேராகக் குரல்வளைக்குப் போகாமல் நெஞ்சுப் பக்கம் இறங்கி, வலதுபக்கத்து நரம்பு தோளுக்குப் போகும் ரத்தக்குழாயையும், இடதுபக்கத்து நரம்பு இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயையும் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. ராயபுரத்திலிருந்து மண்ணடிக்குப் போகிறவர் பாரிமுனை வரைக்கும் போய்த் திரும்பி வருவது போல. அப்படித் திரும்பி ஏறும்போது தைராய்டு சுரப்பியின் முதுகை ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. கட்டியை எடுக்கும் கைக்கு அவ்வளவு அருகில் இருக்கிறது. இந்த நரம்பை வெட்டினால் பன்றி கத்துவதை நிறுத்திவிடுகிறது என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே கேலன் என்ற கிரேக்க மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். அதனால் இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்து இல்லை, ஒவ்வொரு சர்ஜனுக்கும் தெரிந்த ஒன்று.

நரம்பு வெட்டுப்படுவது குறைவு. பெரும்பாலும் நடப்பது இழுபடுவது. சுரப்பியை முன்னால் தூக்கும்போது நரம்பும் சேர்ந்து விறைக்கிறது, அல்லது ரத்தத்தை நிறுத்தச் சுடும் கருவியின் சூடு படுகிறது. பார்ப்பதற்கு நரம்பு முழுசாகவே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. இப்படி அதிர்ச்சியடைந்த நரம்பு சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானே விழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஒரு வருடம் வரைக்கும் கூட நம்பிக்கை வைக்கலாம் என்றார் என்னைப் பின்னால் பார்த்த டாக்டர். நிரந்தரமாகக் குரல் நாண் நின்றுபோவது அனுபவமுள்ள கைகளில் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான், தற்காலிகமாக நிற்பது அதைவிடச் சில மடங்கு அதிகம் என்றும் சொன்னார். நரம்பைக் கண்காணிக்கும் ஒரு மெஷின் உண்டு. தொண்டைக்குள் விடும் குழாயிலேயே அதன் கம்பி இருக்கும், நரம்பைத் தொட்டால் சத்தம் கொடுக்கும். உதவிதான், ஆனால் அது இருந்தால் ஆபத்தே இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது.

சரி, எனக்கு நடந்தது இது. மயக்கம் தெளிந்ததும் குரல் இல்லை. “மயக்கத்துக்குக் குழாய் போட்டோம்மா, அதான். ஒரு வாரத்துல சரியாயிடும்” என்றார்கள். அதில் தப்பில்லை, குழாய் உரசலால் பல பேருக்குச் சில நாள் தொண்டை கம்மும். இரண்டாம் நாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போல இருந்தது. உடனே சொன்னதால் ரத்தம் எடுத்துப் பார்த்துக் கால்சியம் கொடுத்தார்கள். தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பயறு அளவுச் சுரப்பிகள்தான் கால்சியத்தைக் கவனித்துக்கொள்கின்றன, அவை அடிபட்டால் இப்படி ஆகும். இந்த மரமரப்பைப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்கவே கூடாது. அதேபோல முதல் நாளில் கழுத்து திடீரென்று வீங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விசில் போலச் சத்தம் வந்தாலோ, நர்ஸைக் கைதட்டியாவது கூப்பிட்டுவிட வேண்டும். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், இல்லையென்றால் இரண்டு பக்க நாணும் நின்றுபோயிருக்கலாம். இரண்டும் உயிர்ப் பிரச்சினை, காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது.

எனக்கு அப்படியெல்லாம் ஆகவில்லை. நாலாம் நாள் வீட்டுக்கு வந்தேன். குரல் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்கப் போனபோது “சரியாயிடும்.” ஒரு மாதம் கழித்துப் போனபோதும் “பொறுமையா இருங்க, சரியாயிடும்.”

அத்தை தினமும் பாலில் மிளகும் மஞ்சளும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் அதிமதுரம் கொடுத்தார்கள். அந்த அன்புக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். ஆனால் இதில் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். நாம் விழுங்குவது எதுவும் குரல் நாணின் மேல் படுவதில்லை, பட்டால் புரையேறிவிடும். பாலும் மிளகும் வறண்ட தொண்டைக்கு இதம். நின்றுபோன நரம்பை அவற்றால் எழுப்ப முடியாது. நானோ பாலைக் குடித்துவிட்டு, குரல் வரட்டும் என்று அடித்தொண்டையிலிருந்து கத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டெய்னர் லாரி போகும் சத்தத்துக்கு மேலே, ரயில்வே கேட்டில் நிற்கும் வண்டிகளின் ஹாரனுக்கு மேலே. ராத்திரியானால் கழுத்தின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி இழுத்த மாதிரி வலிக்கும்.

அந்த நாட்களில் நடந்தவற்றில் இரண்டை மறக்க முடியவில்லை. போனில் ஆட்டோ டிரைவர் “எங்க சார் நிக்கிறீங்க?” என்று கேட்டார். பதில் சொல்லாமல் கட் பண்ணிவிட்டு, போன் வந்தாலே மகள் கையில் கொடுக்க ஆரம்பித்தேன். இன்னொன்று, காசிமேட்டில் இருக்கும் என் நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது. “நெத்திலி வந்தா ரெண்டு கிலோ எடுத்து வை, வஞ்சிரம் வேணாம்.” ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை இதே வார்த்தைகளை அனுப்பியிருக்கிறேன். அந்த ஞாயிறு நெத்திலியோடு வஞ்சிரமும் வந்தது. ‘வேணாம்’ அவள் காதில் விழவே இல்லை. பாவம், அண்ணி ஆபரேஷன் ஆனவங்க, நல்ல மீன் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பெரிய துண்டாகப் பார்த்து வாங்கிவிட்டாள். அன்றைக்குச் சாப்பிடும்போது நான் அழுதது மீன் விலைக்காக இல்லை.

பதினோராவது வாரம் கடைக்கு வந்த ஒரு நர்ஸ் பெண்தான் என்னைக் காப்பாற்றினாள். அளவு சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு இருமல் வந்தது. அவள் கையிலிருந்த நைட்டியைக் கீழே வைத்துவிட்டாள். “அக்கா, இன்னொரு தடவை இருமுங்க.” இருமினேன். “இருமலுக்கு வெட்டே இல்லியேக்கா. நாண் மூடாம இருந்தாத்தான் இப்படி ஊதும். ஈ.என்.டி.கிட்ட போய் கேமரா வெச்சுப் பாருங்க, இன்னிக்கே போங்க.” நல்ல இருமலுக்கு ‘டக்’ என்று ஒரு தொடக்கம் இருக்கும். என் இருமலில் அது இல்லை. மாடு பெருமூச்சு விடுவது போல இருந்தது. மருத்துவத்திலும் இதை மாட்டு இருமல் என்றே சொல்கிறார்களாம்.

கேமரா என்றதும் பயந்துகொண்டுதான் போனேன். ஐந்து நிமிட வேலை. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைப் பீச்சினார்கள், கசந்தது. கேபிள் ஒயர் அளவு மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, வலி இல்லை. டாக்டர் டிவியை என் பக்கம் திருப்பினார். முத்து நிறத்தில் இரண்டு பட்டைகள், கவிழ்த்துப் போட்ட ‘V’ மாதிரி. “ஈ... சொல்லுங்கம்மா.” வலது பட்டை கதவு சாத்துவது போல நடுவுக்கு ஓடி வந்தது. இடது பட்டை அப்படியே நின்றது. வந்த கதவுக்கும் நின்ற கதவுக்கும் நடுவில் நீளமாக, ஓர் அரிசி அளவு சந்து. என் ‘இல்லைங்க’வும் ‘வேணாமு’ம் அந்தச் சந்து வழியாகத்தான் போயிருந்தன.

அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதி. இரண்டரை மாதமாக என்னை நானே குறை சொல்லிக்கொண்டிருந்தேன், தைரியமாகப் பேசவில்லை, முயற்சி போதவில்லை என்று. நான் எவ்வளவு முயன்றாலும் அந்தக் கதவு நகராது என்று கண்ணால் பார்த்த பிறகு கத்துவதை நிறுத்தினேன்.

அப்புறம்தான் மற்ற விஷயங்கள் தெரியவந்தன. தைராய்டு அறுவைக்கு முன்னும் பின்னும் குரலை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அமைப்பு 2013-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் எல்லோருடைய குரலையும் குறித்து வைக்க வேண்டும். குரலில் ஏற்கெனவே மாற்றம் இருந்தாலோ, முன்பு கழுத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ, புற்று வெளியே பரவியிருக்கும் என்று சந்தேகம் இருந்தாலோ நாணைப் பார்த்தே ஆக வேண்டும். ஆபரேஷன் ஆன இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குரல் மாறியிருக்கிறதா என்று குறிக்க வேண்டும், மாறியிருந்தால் நாணைப் பார்க்க வேண்டும். நான் இரண்டு மாதத்தையும் தாண்டி வெறுமனே காத்திருந்தேன். இரண்டு வாரம் ஆகியும் குரல் கம்மியிருந்தால், “நாண் அசையுதா டாக்டர், கேமரா வெச்சுப் பாக்கலாமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். தண்ணீர் புரையேறினால் இரண்டு வாரம்கூட வேண்டாம், உடனே கேளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொண்டது வேறு இடம் என்றாலும் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம். டிஸ்சார்ஜ் தாளை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, குரலை நம்பிப் பிழைக்கிறவர்கள் அதை முன்கூட்டியே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். டீச்சர், கண்டக்டர், மீன் ஏலம் விடுகிறவர், கடைக்காரர், பாடுகிறவர், யாராக இருந்தாலும். போனில் ஒரு நிமிடம் உங்கள் குரலைப் பதிவு செய்தும் வைத்துக்கொள்ளுங்கள். குரலுக்குப் பயிற்சி கொடுத்த ஸ்பீச் தெரபிஸ்ட் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே “பழைய குரல் எப்படி இருக்கும்?” என்பதுதான். நல்லவேளை, நாத்தனாருக்கு அனுப்பிய பழைய வாட்ஸ்அப் பதிவுகள் இருந்தன. போனில் இடம் இல்லை என்று அழித்திருந்தால் என் பழைய குரலுக்குச் சாட்சியே இருந்திருக்காது.

அந்தத் தெரபிஸ்ட் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மூச்சை இழுத்து ‘ஆ’ என்று எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது என்று பார்த்தாள். சாதாரணமாகப் பதினைந்து விநாடிக்குக் குறையாமல் வருமாம். எனக்கு நாலு. முதல் வேலையாகக் கத்துவதையும், கிசுகிசுப்பதையும், தொண்டையைக் கனைப்பதையும் நிறுத்தச் சொன்னாள். கிசுகிசுத்தால் குரலுக்கு ஓய்வு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இறுக்கிக் கிசுகிசுப்பது இன்னும் சிரமமாம். நாற்காலியைக் கையால் தள்ளிக்கொண்டே கத்தும் ஒரு பயிற்சியை வீடியோ பார்த்துச் செய்துவந்தேன். உங்கள் உடம்புக்கு இப்போது அது வேண்டாம், மேலே இருக்கும் தசையெல்லாம் சேர்ந்து நெரிக்க ஆரம்பித்துவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டாள்.

அவள் கொடுத்தது ஸ்ட்ரா பயிற்சி. பாதி தம்ளர் தண்ணீர், அதில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு ஸ்ட்ரா. உதட்டை இறுக மூடி, ‘ஊ’ என்று குரலோடு ஊத வேண்டும், தண்ணீர் குமிழ வேண்டும். ஊதும்போது எதிர்த்து வரும் அழுத்தம் நாண்களைச் சிரமமில்லாமல் அதிர வைக்கிறது என்றாள். 2019 ஜனவரியிலிருந்து நம் மாநிலத்தில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. பேப்பர் ஸ்ட்ரா ஐந்து நிமிடத்தில் ஊறி மடங்கிவிடுகிறது, அதனால் மகள் ஸ்டீல் ஸ்ட்ரா வாங்கித் தந்தாள். விடியற்காலையில் தெரு அமைதியாக இருக்கும்போது சமையல்கட்டில் நின்று ஊதுவேன். முதல் வாரம் குமிழ் மட்டும் வந்தது, குரல் வரவில்லை. இரண்டாவது வாரம் ஒரு நாள் தம்ளரைப் பிடித்திருந்த விரலில் லேசான அதிர்வு. காதால் கேட்பதற்கு முன்னால் விரல் அதைக் கேட்டது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். ரயில்வே கேட் போட்டிருந்தால் அங்கேயே வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ பயிற்சி செய்வேன்.

தண்ணீர் குடிக்கத் தாடையை நெஞ்சோடு சேர்த்து, முகத்தை நின்றுபோன பக்கம், அதாவது இடது பக்கம் திருப்பிச் சின்ன மடக்காக விழுங்கச் சொன்னாள். புரையேறுவது அன்றைக்கே பாதியாகக் குறைந்தது. அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டியிருந்தது. தண்ணீரைவிடக் கெட்டியானது மெதுவாக இறங்கும் என்பதால், வெயில் காலம் முழுக்கக் கேழ்வரகுக் கூழ்தான் எனக்குக் கைகொடுத்தது. எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு கெட்டி என்பது ஆளுக்கு ஆள் மாறும். பார்த்தவர் சொன்னபடிதான் செய்ய வேண்டும். அடிக்கடி புரையேறி அதோடு காய்ச்சலும் சேர்ந்தால் நுரையீரலைக் காட்டிவிடுங்கள்.

பேச்சில் நானே கண்டுபிடித்த ஒரு வழி இருக்கிறது. தெரபிஸ்ட் அதைக் கேட்டுவிட்டு மற்றவர்களுக்கும் சொல்லப்போகிறேன் என்றாள். வாக்கியத்தின் வாலைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டேன். “நேவி ப்ளூ ஸ்டாக் இல்லைங்க” என்பதை “இல்லைங்க, நேவி ப்ளூ” ஆக்கினேன். “வேணாம்மா, காபி.” “வாங்கிட்டேன், பணம்.” “வரும், அடுத்த வாரம்.” மூச்சு முழுசாக இருக்கும்போதே முக்கியமான சொல் வெளியே போய்விடும். மீதி கரைந்துபோனாலும் கேட்கிறவர் ஊகித்துக்கொள்வார். தமிழ் இதற்கு இடம் கொடுக்கிற மொழி, நாம் பேச்சில் தினமும் இப்படி மாற்றிப் பேசுகிறவர்கள்தானே. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொண்டேன். விலையைக் கால்குலேட்டரில் அடித்துக் காட்டினேன். டீச்சர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன மைக்கை வாங்கிக் கடையில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் ஒருவரும் அடுத்த அறையிலிருந்து என்னைக் கேள்வி கேட்கக் கூடாது, பக்கத்தில் வந்து கேட்க வேண்டும் என்று பேசி முடிவு செய்தோம். தாலிக்கயிற்றோடு ஒரு விசிலும் போட்டுக்கொண்டேன். கேஸ் கசிந்தாலோ, ராத்திரியில் ஏதாவது ஆனாலோ கத்த முடியாத ஒருத்திக்கு அது வேண்டும்.

மாத்திரையையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் குரலோடு சம்பந்தப்பட்டதுதான். சுரப்பியே இல்லாதவர்களுக்குத் தைராய்டு மாத்திரை ஆயுளுக்கும். அளவு குறைந்தால் குரல் தடித்துக் கரகரக்கும், உடம்பும் சோர்ந்துபோகும். காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம் மாத்திரை இருந்தால் இரண்டுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி. இரண்டையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான்.

ஜூன் மாதம் டாக்டர் ஊசி பற்றிச் சொன்னார். நின்றுபோன நாணுக்குள் ஒரு ஜெல்லைச் செலுத்தி அதைத் தடிமனாக்கி நடுவுக்குத் தள்ளுவது. ஹயலூரானிக் அமிலம் என்று பெயர், சில மாதங்களில் உடம்பே அதைக் கரைத்துவிடும். அதற்குள் நரம்பு விழித்தால் நல்லது. விழிக்காவிட்டால், ஒரு வருடம் போல் பார்த்துவிட்டு நிரந்தரமாக ஒரு சிலிக்கோன் துண்டை வைக்கும் ஆபரேஷன் இருக்கிறது, அதையும் நாம் விழித்திருக்கும்போதே, பேசச் சொல்லிக் குரலைக் கேட்டுக் கேட்டு அளவு பார்ப்பார்கள் என்றார். ஆடி வியாபாரம் வருகிறது, தண்ணீரும் புரையேறுகிறது. யோசித்துச் சரி என்றேன். கழுத்தை மரக்க வைத்து, விழித்திருக்கும்போதே போட்டார்கள். மேசையிலிருந்து இறங்காமலே “எண்ணுங்கம்மா” என்றார். ஒன்றிலிருந்து பதினான்கு வரை ஒரே மூச்சில் எண்ணினேன். அதுவரைக்கும் ஆறைத் தாண்டியதில்லை.

எல்லாமே திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குரலை மேலே ஏற்றுவதற்கு வேறொரு சின்ன நரம்பு இருக்கிறது, சுரப்பியின் மேல்முனைக்குப் போகும் ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் ஓடுகிறது. நாண் நன்றாக மூடினாலும் இது அடிபட்டால் உச்சக் குரல் போய்விடும், பாடுகிறவர்களுக்குத்தான் பெரிய இழப்பு. அமெலிட்டா கல்லி-குர்ச்சி என்ற இத்தாலிய ஒபரா பாடகிக்கு 1935-இல் இந்த ஆபரேஷன் நடந்தது. அதில்தான் அவர் குரல் போனது என்று வெகுகாலம் சொல்லப்பட்டு, அந்த நரம்பையே அவர் பெயரால் குறிப்பிடுவார்களாம். குரல் போனதற்குக் காரணம் அது இல்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்த நரம்புதானா, உள்ளே ஏற்பட்ட தழும்புதானா என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் “வாங்கக்கா, வாங்க” என்று இழுத்துக் கூப்பிடும் அந்த ஏற்றம் எனக்கு இனி இல்லை. அதைக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டேன். ஆடி மாதம் அம்மன் கோவில் ஸ்பீக்கர் பாடும்போது பேசுவதையே நிறுத்திவிடுவேன், சத்தம் ஓய்ந்ததும் பேசுவேன். ஒன்பதாம் மாதம் மறுபடி கேமரா வைத்தபோது இடது நாண் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் நடுவுக்கு நெருங்கி வந்து நிற்கிறது, வலது நாண் எல்லையைத் தாண்டி வந்து அதைத் தொடுகிறது. ‘ஆ’ இப்போது பன்னிரண்டு விநாடி.

மாதம் ஒரு தடவை ஒரே வாக்கியத்தைப் பதிவு செய்யச் சொல்லியிருந்தாள் தெரபிஸ்ட், மாற்றத்தைக் காதால் கேட்பதற்கு. நான் அந்த மீன் வாக்கியத்தையே எடுத்துக்கொண்டேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போதும் பதிவு செய்து, யாருக்கும் அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். மே மாதப் பதிவில் ‘வஞ்சிரம்’ வரைக்கும் கேட்கிறது. ஜூலையில் ‘வே’ கேட்கிறது. இந்த வாக்கியத்தில் மட்டும் வாலைத் தலைக்கு மாற்றாமல் பழையபடியே சொல்லி வந்தேன்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு விடியற்காலை, ஸ்ட்ரா பயிற்சியை முடித்த கையோடு அதை நாத்தனாருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது, பின்னால் மீன் மார்க்கெட் இரைச்சலோடு. “சரி அண்ணி. நெத்திலி ரெண்டு கிலோ. வஞ்சிரம் வேணாம்.”